ஸ்பிரிங் கட்டில் வந்த வழி

பிலாட்டிஸ் உடற்பயிற்சிக் கருவியான ரிஃபோர்மரை முதன்முதலாகப் பார்க்கிறவர் அதைக் கட்டில் என்றே எண்ணுவார். ஏறக்குறைய எட்டடி நீளச் சட்டம்; அதற்குள் இரண்டு தண்டவாளம்; தண்டவாளத்தின் மேல் சில்லுப் பூட்டி மெத்தை தைத்த ஒரு பலகை. அந்தப் பலகையைச் சட்டத்தின் கால்மாட்டோடு நாலைந்து ஸ்பிரிங்குகள் பிணைத்திருக்கும். பாதம் ஊன்ற ஒரு கம்பி, தோளுக்கு முட்டாக இரண்டு திண்டு, கப்பி வழியே ஓடும் இரண்டு கயிறு. மல்லாந்து படுத்துப் பாதத்தைக் கம்பியில் ஊன்றித் தள்ளினால் பலகை ஆளோடு தலைமாட்டுப் பக்கம் உருளும். முழங்காலை மடக்கினால் ஸ்பிரிங் திரும்ப இழுத்துவரும்.

கட்டில் என்று எண்ணுவது பிழையல்ல. இந்தக் கருவியின் பிறப்பைப் பற்றிய கதையே நோயாளிக் கட்டிலில்தான் தொடங்குகிறது.

அதைச் செய்த ஜோசப் பிலாட்டிஸ் 1883 டிசெம்பர் 9ஆம் திகதி ஜேர்மனியின் மொன்சென்கிளாட்பாக் நகரில் பிறந்தார். கணைநோய், ஆஸ்துமா, மூட்டுக் காய்ச்சல் என்று நோயோடு வளர்ந்த பிள்ளை தான் என்று பின்னாளில் அவரே சொல்லிவந்தார். முதலாம் உலகப் போர் மூண்டபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார். எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து, முதலில் லங்காஸ்டரிலும் பிறகு மான் தீவின் நொக்கலோ முகாமிலும் அடைத்தார்கள். அந்த முகாமில் ஒரு கட்டத்தில் 23,000 பேர் வரை இருந்தார்கள். குற்றம் செய்தவர்கள் அல்லர். சமையற்காரர், முடிதிருத்துவோர், கப்பற்காரர், சர்க்கஸ்காரர். முகாமில் வருடக்கணக்காக இருக்கும் உடம்புக்கு என்ன ஆகும் என்பதை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2007இல் போரில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைச் சனம் அள்ளுண்டு வந்து தறப்பாளுக்குக் கீழே கிடந்த மாதங்களைக் கண்டவர்களுக்கு அது தெரியும். வேலை செய்து பழகிய உடம்பு வேலையில்லாமலே நோய்ப்படும்.

நொக்கலோவில் பிலாட்டிஸ் தன்னோடு இருந்தவர்களுக்கு உடற்பயிற்சி பழக்கினார். எழும்ப முடியாமல் கிடந்தவர்களுக்குக் கட்டிலின் ஸ்பிரிங்கைக் கழற்றி, சட்டத்தில் மாட்டி, படுத்தபடியே கையையும் காலையும் இழுக்க வைத்தார் என்பது கதை. அவரும் அவரிடம் பயின்றவர்களும் சொல்லிச் சொல்லி நிலைபெற்ற கதை இது. 1918இல் உலகத்தை வாரிக்கொண்டுபோன இன்ஃபுளுவென்சாவில் அவரிடம் பயின்ற ஒருவர்கூடச் சாகவில்லை என்று அதற்கு ஒரு வாலும் உண்டு. அந்த வாலை நான் நம்பவில்லை. கட்டில் ஸ்பிரிங்கை நம்புகிறேன். அவர் பிறகு செய்த பெரிய கருவிகளைப் பார்த்தாலே போதும். ரிஃபோர்மர் ஒரு படுக்கை; காடிலாக் என்று பெயர்பெற்ற மற்றது நாலு மூலையிலும் தூண் நட்டு மேலிருந்து ஸ்பிரிங் தொங்கும் வைத்தியசாலைக் கட்டிலேதான். நின்று பயிற்சி செய்யத் தெம்புள்ளவரை மனதில் வைத்துச் செய்தவர் கருவியைப் படுக்கையாகச் செய்திருக்கமாட்டார்.

1926இல் பிலாட்டிஸ் கப்பலேறி நியூயோர்க் போனார். வழியில் சந்தித்த கிளாராவோடு சேர்ந்து எட்டாவது அவெனியூ 939ஆம் இலக்கக் கட்டடத்தில் கூடம் வைத்தார். சறுக்குப் பலகை கொண்ட உடற்பயிற்சிக் கருவி ஒன்றுக்கு 1927இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அக்கம்பக்கத்தில் நடனக்கூடங்கள் இருந்ததால் கணுக்கால் பிரண்டவர்களும் முதுகு பிடித்தவர்களும் அங்கே வரத் தொடங்கினார்கள். நடன அமைப்பாளர் ஜோர்ஜ் பலன்சின் தன் நடனக்காரர்களை அனுப்பினார். மார்த்தா கிரஹாமின் ஆட்களும் வந்தார்கள். ஜோசப் சத்தம் போட்டுக் கட்டளையிடுவார், கிளாரா அமைதியாகக் கைபிடித்துச் சரிசெய்வார் என்று அங்கே பயின்றவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். கருவிக்கு அவர் பெயர் வந்ததே தவிர, சிகிச்சை என்று இன்று நாம் சொல்லும் பகுதிக்குக் கிளாராவின் பொறுமைதான் தாய் என்பது என் எண்ணம்.

அந்தக் கூடத்தில் நடந்தவற்றில் என் மனதைவிட்டு அகலாதது ஈவ் ஜென்ட்ரியின் கதை. நடனக்காரர்; பிலாட்டிஸிடம் பயின்று தானும் கற்பித்தவர். 1955இல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அந்தக் காலத்து முறைப்படி மார்போடு நெஞ்சுத் தசையையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்தார்கள். கை தூக்க முடியவில்லை. பிலாட்டிஸ் அவரைத் திரும்பவும் ஆரம்பத்திலிருந்து பழக்கினார். ஒரு வருடத்துக்குள் கை முழு வட்டம் சுழன்றது. அதைப் படம் பிடித்து வைத்தியர்களிடம் காட்டினார்கள்; தசை எடுத்த உடம்பு இதைச் செய்யமுடியும் என்று நம்ப அவர்கள் தயாராக இருக்கவில்லை. ஈவ் மேலாடையின்றிக் கமராவுக்கு முன்னால் நின்று திரும்பவும் செய்துகாட்டினார். மார்பை இழந்த ஒரு பெண், 1950களில், நம்பவைப்பதற்காகத் தன் தழும்பைக் காட்டி நின்றார்.

பிலாட்டிஸ் 1967 ஒக்டோபரில் இறந்தார். கருவி பிழைத்தது ஒரு தச்சரால். கலிபோர்னியாவில் தளபாடமும் தண்ணீர்மெத்தைக் கட்டிலும் செய்துவந்த கென் என்டெல்மன் என்பவரிடம் பயிற்றுநர் ஒருவர் வந்து ரிஃபோர்மர் செய்து தரமுடியுமா என்று கேட்டார். 1976இல் அவர் தொடங்கிய பட்டறைதான் இன்று உலகெங்கும் ரிஃபோர்மர் அனுப்பும் பெரிய நிறுவனங்களில் ஒன்று. பிலாட்டிஸ் என்ற பெயரைத் தன் வணிகச் சின்னம் என்று உரிமைகோரிய நிறுவனம் தொடுத்த வழக்கில் எதிராளியாக நின்றவரும் அவர்தான். 2000 ஒக்டோபரில் நியூயோர்க் கூட்டாட்சி நீதிமன்றம், கராத்தே, யோகா போல அது ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர், ஒருவருக்கும் சொந்தமல்ல என்று தீர்த்தது.

பிலாட்டிஸ் இறந்த பிறகு கருவியின் பாதை இரண்டாகக் கிளைத்ததைத் தெளிவாகப் பார்க்கலாம். ஒன்று, பத்துப் பன்னிரண்டு ரிஃபோர்மரை வரிசையாகப் போட்டு, பாட்டை உரக்க வைத்து, முன்னால் ஒருவர் நின்று கட்டளையிடும் வகுப்பு. இன்று கொழும்பிலும் சென்னையிலும் பெருகுவது இதுதான். மற்றது வைத்தியசாலைக்குள் போன பாதை. 1980களில் சான் பிரான்சிஸ்கோவின் செயின்ட் பிரான்சிஸ் வைத்தியசாலை, காயப்பட்ட நடனக்காரர்களுக்கான சிகிச்சையில் பிலாட்டிஸைச் சேர்த்தது. அவுஸ்திரேலியாவில் பிசியோதெரபிஸ்டுகளே அதைக் கையில் எடுத்தார்கள். ஆழ் வயிற்றுத் தசையான குறுக்குத்தசை, முதுகுவலிக்காரருக்கு நேரம் பிந்தியே இயங்குகிறது என்று 1996இல் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹொட்ஜஸும் ரிச்சர்ட்சனும் காட்டியது அவர்களுக்கு ஊக்கம் தந்தது. இரண்டு பாதையிலும் ஓடுவது ஒரே சட்டம், ஒரே ஸ்பிரிங். ஆனால் அவற்றை ஒரே பொருளாக என்னால் எண்ண முடியவில்லை. ஒரு ஆள், ஒரு கட்டில், பக்கத்தில் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு சோடிக் கண் என்பதுதான் எட்டாவது அவெனியூவில் நடந்தது. பத்துப் பேரைப் பார்க்கிறவருக்கு ஒருத்தியின் வயிறு புடைப்பது தெரியாது.

வயிறு புடைப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சொல்கிறேன், இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பிள்ளை வளர வளர, வயிற்றின் முன்பக்கத்தில் நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை ஓடும் இரண்டு தசைப் பட்டைகளும் நடுவில் விலகிக் கொடுக்கின்றன. இது நோயல்ல, உடம்பின் தயவு. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் அவை மெல்ல நெருங்கும், சிலருக்கு நெருங்காது. இடுப்பெலும்பின் அடியில் ஊஞ்சல்போல் விரிந்து கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும் தசைகள் பிரசவத்தில் இழுபட்டோ கிழிந்தோ இருக்கும். சீசர் செய்தவர்களுக்கு வயிற்றின் அடுக்குகள் வெட்டித் தைக்கப்பட்டிருக்கும். 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிரசவம் சீசர். இந்த நிலையில் மூச்சை அடக்கிப் பாரம் தூக்கினால் உள்ளழுத்தம் பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். முன்பக்கம் போனால் தொப்புளுக்கு மேல் கூம்பாகப் புடைக்கும். கீழே போனால் இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியும்; வருடங்கள் போகக் கருப்பை இறங்கவும் கூடும்.

இங்கேதான் ஸ்பிரிங் உதவுகிறது. இரும்புப் பாரம் தொடக்கத்திலிருந்தே முழுப் பாரம். ஸ்பிரிங் அப்படியல்ல, இழுபட இழுபடத்தான் அதன் விசை ஏறும். ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றலாம், மெல்லியதாக மாற்றலாம். படுத்திருப்பதால் உடம்பின் முழு எடையும் காலில் இறங்காது. நிற்க முடியாதவர் நிற்கும் அசைவைப் படுத்தபடி பழகலாம். முழங்கால் ஒப்பரேஷன் செய்தவருக்கும் இதே நன்மை. இன்னொரு நுட்பமும் உண்டு: சில பயிற்சிகளில் ஸ்பிரிங்கைக் குறைத்தால்தான் கஷ்டம் கூடும். பலகையை நிலைநிறுத்தும் வேலையை ஸ்பிரிங் விட்டுவிட, வயிறும் இடுப்பும் அதை ஏற்கவேண்டி வரும். எதை எப்போது கழற்றுவது என்பதைப் பக்கத்தில் நிற்கிறவர் அறிந்திருக்கவேண்டும். மூச்சை வெளியே விட்டபடி தள்ளுகிறாளா, அடக்குகிறாளா, புடைப்பு எழுகிறதா என்று அவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

மிகையாகச் சொல்லவும் கூடாது. முதுகுவலிக்குப் பிலாட்டிஸ் உதவுமா என்று 2015இல் கொக்ரேன் அமைப்பு 10 ஆய்வுகளைத் திரட்டி, 510 பேரின் விவரங்களைப் பார்த்தது. பெரிதாக ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட நல்லது. மற்றப் பயிற்சிகளைவிட உயர்ந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இதுதான் அதன் முடிவு. 2019 ஏப்ரலில் அவுஸ்திரேலிய அரசு, தனியார் காப்புறுதியில் இயற்கைச் சிகிச்சைகளுக்குக் கிடைத்த சலுகையை நீக்கியபோது யோகாவோடு பிலாட்டிஸும் அந்தப் பட்டியலில் போனது. மந்திரக் கட்டில் என்று விற்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

என் அக்காவின் மகள் மெல்பேர்ணில் பிள்ளை பெற்றாள். அக்கா மட்டக்களப்பிலிருந்து போய் நின்று பத்தியம் பார்த்தாள். ஆறு வாரம் கழிய, பெறாமகள் பிசியோவிடம் போகத் தொடங்கினாள். ஒரு நாள் தொலைபேசியில் சொன்னாள்: "சின்னம்மா, இஞ்ச ஒரு ஸ்பிரிங் கட்டில்ல படுக்கப்போட்டு மூச்சு விடத்தான் சொல்லித் தாறா. பாரம் ஒண்டும் தூக்க விடல்ல." பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது: "நாப்பது நாள் கிடந்து எழும்பின புள்ளையத் திரும்பியும் கிடத்துறாங்களா?"

அக்காவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கிடத்துவது நன்றாகவே நடக்கும். மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். அதனால் பிள்ளை பெற்றவள் தன் தாயின் கண்ணுக்குள்ளேதான் இருப்பாள். தமக்கை அடுத்த வீட்டில், பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம். சரக்கு அரைத்த கறி வரும். பால் ஊறப் பால்சுறாப் புட்டு வரும். இலை போட்டு அவித்த தண்ணியில் முழுக்கு. நூல்சேலையைக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டு. "கிணத்தடிக்குப் போகாத புள்ள" என்று நாளுக்குப் பத்துத் தரம் அதட்டல். தனியாக ஒருத்தியை ஒருத்தி கவனிப்பதென்பதை இந்த வாவிக்கரைக்கு நியூயோர்க் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

குறை நாற்பதுக்குப் பிறகு. துடக்குக் கழிந்த அடுத்த கிழமை அவள் கிணற்றில் வாளி இழுக்கிறாள். குந்தியிருந்து தேங்காய் திருவுகிறாள். மூத்த பிள்ளை இடுப்பில், சின்னது தோளில். படுவான்கரையென்றால் அறுவடை நாளில் வயலுக்கும் போகவேண்டும். களுதாவளைப் பக்கமென்றால் தோட்டத்துக்குத் தண்ணீர் வார்க்கவேண்டும். முழு ஓய்விலிருந்து முழுப் பாரத்துக்கு ஒரே எட்டில் போகிறாள். நடுவில் படி இல்லை. வயிற்றுக் கட்டு வெளியிலிருந்து தாங்கும். உள்ளே தசை தானாகத் தாங்கப் பழகவேண்டிய வாரங்களை யாரும் கணக்கில் வைப்பதில்லை. பத்து வருடம் கழித்துச் சிறுநீர் கசிந்தால் பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்று வாயை மூடிக்கொள்கிறாள். கோயில் திருவிழாவுக்குப் போகாமல் விட்ட பெண்களை எனக்குத் தெரியும். காரணத்தைப் பெற்ற மகளிடம்கூடச் சொன்னதில்லை.

பிலாட்டிஸ் நியூயோர்க்கில் இறங்கிய அதே 1926இல்தான் களுத்துறையில் இலங்கையின் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. குடும்பநல மாது வீடு தேடி வரும் ஏற்பாடு அங்கிருந்து வளர்ந்தது. இன்றும் வாவியின் இரு கரையிலும் ஸ்கூட்டியில் வந்து, பிள்ளையின் நிறையையும் தாயின் தையலையும் பாலையும் மனநிலையையும் பார்த்துப் போகிறவர் அவர்தான். ஊரில் மிட்வைப் மிஸ் என்பார்கள். அவர் தலையில் இன்னும் சுமை ஏற்றுவது நியாயமில்லை. ஆனால் இரண்டு கேள்வியை அவரால் கேட்கமுடியும். இருமும்போது கசிகிறதா? படுத்தவிடத்திலிருந்து எழும்பும்போது தொப்புளுக்கு மேல் புடைக்கிறதா? ஆம் என்றவளைப் பிசியோவிடம் அனுப்ப ஒரு துண்டு போதும்.

ஸ்பிரிங் என்பது எங்கள் அரச வைத்தியசாலைகளுக்கு வேற்றுப்பொருளும் அல்ல. இலண்டனில் ஒலிவ் கத்ரி சிமித் என்ற பிசியோதெரபிஸ்ட், படுக்கைக்கு மேலே கம்பிவலைச் சட்டம் கட்டி, ஸ்பிரிங்கிலும் பட்டியிலும் நோயாளியின் கைகாலைத் தொங்கவிட்டுப் பழக்கும் முறையை வளர்த்தார். 1943இல் அவருடைய நூல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் காயப்பட்டவர்களுக்கு அந்த முறை பயன்பட்டது. தெற்காசியப் பிசியோதெரபி மாணவர்கள் இன்றும் பாடநூலில் அதைப் படிக்கிறார்கள். ஒன்று ஒரு போரின் முகாமில், மற்றது அடுத்த போரின் வைத்தியசாலையில். இரண்டும் படுத்துக் கிடந்தவரின் எடையை ஸ்பிரிங்கிடம் கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதியை அவரிடமே விட்டன. இவற்றில் ஒன்று பெயரெடுத்துப் பணக்காரக் கூடங்களுக்குப் போனது. மற்றது ஏழை நாட்டு வைத்தியசாலைகளில் தங்கியது.

எங்கள் வைத்தியசாலை ஒன்றில் போடலாமா என்று பார்த்தால், தரமான ஒரு ரிஃபோர்மர் நாலாயிரம், ஐயாயிரம் டொலர். டொலர் முந்நூறு ரூபாய் என்று வைத்தாலே பன்னிரண்டு இலட்சம். கப்பல் கூலியும் வரியும் வேறு. பெரிய தொகைதான். ஆனால் ஸ்பிரிங் இல்லாமலே பாதி வேலை நடக்கும் என்று இந்தத் துறையில் உள்ள எவரும் ஒப்புக்கொள்வார். பாய் விரித்து, பிசியோ பிரிவில் இருக்கும் இறப்பர்ப் பட்டியைப் பாதத்தில் மாட்டி, மூச்சை விட்டபடி காலை நீட்டுவதிலிருந்து தொடங்கலாம். பிலாட்டிஸே 1945இல் வெளியிட்ட நூலில் கருவியின்றிப் பாயில் செய்யும் பயிற்சிகளைத்தான் தந்தார். ரிஃபோர்மர் தேவைப்படுவது அந்தப் பாயிலும் முடியாதவர்களுக்கு: சீசர் வெட்டின் வலி தீராதவள், இடுப்புமூட்டு இளகி நடக்கச் சிரமப்படுகிறவள், மரத்தால் விழுந்தவர், மோட்டார் சைக்கிளில் முழங்காலைக் கொடுத்தவர்.

கருவியைவிட முதலில் வேண்டியவை வேறு. பூட்டக்கூடிய கதவுள்ள அறை. பிரசவத்துக்குப் பின்னான உடம்பைப் படித்த ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட். இந்தக் கேள்விகளை ஆண் ஒருவரிடம் பேசும் பெண்கள் இங்கே அரிது. அறைக்குள் ஏணை கட்ட ஒரு வளை. வாவி தாண்டிக் கொக்கட்டிச்சோலையிலிருந்து வருகிறவளுக்கு ஏற்ற நேரம்: 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததிலிருந்து ஓடத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை, ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும், காலை எட்டு மணிக்கு வா என்றால் அவள் வரமாட்டாள்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒருத்திக்கு முக்கால் மணி நேரம், நாளுக்கு எட்டுப் பேர், கிழமைக்கு ஐந்து நாள் என்றால் 40 முறை. ஒரு பெண் கிழமைக்கு இரண்டு தரமாக எட்டுக் கிழமை வந்தால் 16 முறை. வருடத்தில் 48 கிழமை ஓடினால் ஒரே ஒரு கட்டில் 120 பெண்களைப் பார்க்கும். பாதி நேரத்தை முழங்காலும் முதுகும் பழுதுபட்டவர்களுக்கு விட்டாலும் 60 பெண்கள்.